ஏலத்தில் எடுத்த 1943 இஷாப்பூர் துப்பாக்கியும் போன பணமும்

ஏலத்தில் 700 டாலருக்கு எனக்கு விழுந்த ஒரு பழைய ராணுவத் துப்பாக்கி கைக்கு வந்து சேர்வதற்குள் ஆயிரம் டாலர் ஆகிவிட்டது. அதன் மேல் இன்னும் கொஞ்சம் செலவு செய்து, கடைசியில் 325 டாலருக்கு விற்றேன். கிட்டத்தட்ட 900 டாலர் நஷ்டம். பணத்தைவிட அதிகமாக வலித்தது, இதைப் பற்றிக் கேட்க எனக்கு ஒரு ஆள்கூட இல்லாததுதான். அமெரிக்காவில் நான் பழகும் தமிழர் வட்டத்தில் துப்பாக்கி என்றாலே பேச்சை மாற்றிவிடுவார்கள். அலுவலகத்தில் இருக்கும் அமெரிக்க நண்பர்களுக்கு மான் வேட்டைத் துப்பாக்கி தெரியும், எண்பது வருடப் பழைய ராணுவச் சரக்கு தெரியாது. இப்போது ஒன்றிரண்டு தமிழ் நண்பர்கள் இந்தப் பக்கம் ஆர்வமாக வருகிறார்கள். அவர்களுக்காகவும், இன்னும் வரப்போகிறவர்களுக்காகவும் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்த ஆசை வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் போனதற்கும் அந்த ஆசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. அப்பாவின் அப்பா இரண்டாம் உலகப் போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவில் பர்மாவில் இருந்தவர். அன்றைய இந்திய ராணுவ வீரர்கள் தோளில் சுமந்த ரைஃபிள் லீ என்ஃபீல்டு. நம் ஊரில் அதை ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். போலீஸ்காரர்கள் பல காலம் தோளில் மாட்டிக்கொண்டு நின்றது அதுதான். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தின அணிவகுப்போடுதான் அதற்கு விடை கொடுத்தது. இந்தியாவில் அதைச் செய்த இடம் வங்காளத்தில் ஹூக்ளி ஆற்றங்கரையில் உள்ள இஷாப்பூர் தொழிற்சாலை. தாத்தாவின் துப்பாக்கியே கிடைக்கப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனால் அதே தொழிற்சாலையில், அதே போர்க்காலத்தில் செய்த ஒன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று மனது கேட்டது. இப்படி ஒரு மனநிலையோடு ஏலத்தில் உட்காருபவன்தான் அதிக விலை கொடுப்பான்.

தொடர்ந்து படிக்கும் முன் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் அமெரிக்கக் குடிமகன், ஓஹையோவில் இருக்கிறேன். கிரீன் கார்டு உள்ளவர்களும் வாங்கலாம். ஹெச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் பொதுவாகத் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் வக்கீலைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். நண்பர் வாங்கித் தருகிறார் என்பதும் வேண்டாம், அது இருவருக்குமே குற்றம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு இந்த வழியே கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்தின்படி .303 தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண உரிமத்தில் கிடைக்காது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ஏல நிறுவனத்தின் ஆன்லைன் பட்டியலில் அது இருந்தது. லீ என்ஃபீல்டு நம்பர் 1 மார்க் 3 ஸ்டார், இஷாப்பூர், 1943. முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் வீட்டுச் சொத்திலிருந்து வந்தது, பர்மா போர்முனையில் பயன்பட்டிருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். படங்கள் அழகாக இருந்தன. அடர்ந்த பழுப்பில் பளபளக்கும் மரம், தோளில் வைக்கும் கட்டையான பட்டின் பின்முனையில் பித்தளைத் தகடு. வலது பக்கம், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடி வந்து படியும் இடத்துக்குக் கீழே, மகுடம், ஜி.ஆர்.ஐ. என்ற மூன்று எழுத்து, இஷாப்பூர் பெயர், 1943. ஜி.ஆர்.ஐ. என்றால் மன்னரும் பேரரசருமான ஜார்ஜ் என்று பொருள்படும் லத்தீன் எழுத்துகள். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தில் அசோகச் சின்னமும், இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையைக் குறிக்கும் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகளும் வந்தன. அந்த முத்திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு படங்கள் போட்டிருந்தார்கள். அவற்றில் குழலின் உட்புறம் ஒன்றில்கூட இல்லை. அதன் நிலைமையைப் பற்றி விவரத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது எனக்கு உறைக்கவே இல்லை.

இப்போது எனக்குத் தெரிந்த முதல் பாடம் இதுதான். விற்பவர் சொல்லாமல் விட்டது எது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். குழல் உள்ளே நன்றாக இருந்தால் எந்த வியாபாரியும் அதைச் சொல்லாமல் இருக்க மாட்டான், முதல் வரியிலேயே போட்டுவிடுவான். போல்ட்டின் எண்ணும், அது ஓடும் இரும்புக் கூடான உடலின் எண்ணும் ஒன்றாக இருந்தால் அதையும் அப்படியே. இரண்டைப் பற்றியும் பேச்சே இல்லை என்றால் இரண்டுமே சரியில்லை என்று வைத்துக்கொண்டு விலை போடுங்கள். பிறகு கேட்டுப் பார்த்து நல்ல பதில் வந்தால் சந்தோஷம்.

ஏலம் முடியும் நேரம் இரவு. இன்னொருவரும் விடாமல் கேட்டுக்கொண்டே வந்தார். நான் 450க்கு மேல் போவதில்லை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். 500 ஆனது, 550 ஆனது, அப்புறம் கணக்கே இல்லை. யாரோ என் தாத்தாவின் பொருளைப் பறித்துக்கொண்டு போகிறார்கள் என்கிற மாதிரி ஒரு படபடப்பு. 700இல் எனக்கு விழுந்தது. கை நடுங்கியது, சந்தோஷத்தில்தான். மறுநாள் பில் வந்தது. ஏல நிறுவனத்தின் கமிஷன், வாங்குபவர் தர வேண்டியது, 20 சதவீதம். அது 140. அந்த 840க்கு 7 சதவீத வரி, 58 டாலர் 80 சென்ட். அனுப்பும் கூலி 60. வேறு மாநிலத்திலிருந்து வருவதால் நேராக வீட்டுக்கு வராது, உரிமம் உள்ள உள்ளூர்க் கடைக்குத்தான் வரும், அந்தக் கடைக்காரருக்கு 40. மொத்தம் 998 டாலர் 80 சென்ட்.

இதை முன்கூட்டியே தலைகீழாகக் கணக்குப் போட்டிருக்க வேண்டும். உங்கள் கையிலிருந்து மொத்தமாக 500க்கு மேல் போகக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும் கூலியையும் கடைக் கட்டணத்தையும் கழித்தால் மிச்சம் 400. அதை 1.2ஆலும், பிறகு 1.07ஆலும் வகுத்தால் 311 வரும். அதாவது ஏலத்தில் நீங்கள் 310க்கு மேல் கை தூக்கக் கூடாது. கமிஷன் 15 சதவீதமாகவும் இருக்கும், 25 ஆகவும் இருக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்து, உச்ச வரம்பாக முன்கூட்டியே பதிந்துவிட்டுத் தூங்கப் போய்விடுவது நல்லது. கடைசி நிமிடத்தில் விழித்திருப்பதால் எனக்கு ஒரு நன்மையும் நடந்ததில்லை.

கடையில் பின்னணிச் சோதனை முடிந்து கையில் வாங்கியபோது அதன் எடை ஒன்றே போதும் என்றிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து தாத்தாவின் படத்துக்குக் கீழே மேசையில் வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கே?” என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அவள் சொன்னது உண்மை. உலோகப் பகுதி முழுக்கக் கறுப்பு எனாமல் பெயிண்ட். இந்திய ராணுவப் பட்டறைகளில் அப்படிப் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான், அதனால் அதுவே குற்றம் இல்லை. பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சுத்தம் செய்யலாம் என்று முன்முனையிலுள்ள இரும்பு மூடியான நோஸ் கேப்பைக் கழற்றி, விசையைச் சுற்றியுள்ள ட்ரிகர் கார்டைக் கழற்றி, குழலைத் தாங்கும் மரமான முன்கட்டையை மெல்ல இறக்கினேன். குழல் மரத்துக்குள் புதைந்திருக்கும் அடிப்பாகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி துரு தின்ற குழிகள். சிலவற்றில் நகம் இறங்கியது. வெளியே தெரியும் உலோகத்தைத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள், மரம் மறைக்கும் இடத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். மரத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்முனையில், துப்பாக்கி சுடும்போது வரும் உதை போய்த் தாங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் விரிசல். பழுப்பு நிறப் பசை ஊற்றி நிரப்பி, மேலே சாயம் தேய்த்திருந்தது. நான் படத்தில் பார்த்து மயங்கிய அந்தப் பளபளப்பு அந்தச் சாயம்தான். ராணுவ மரத்தில் எண்ணெய்தான் இருக்கும், அது மங்கலாகத்தான் தெரியும். வார்னிஷ் மாதிரி மின்னினால் யாரோ பின்னால் கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அப்புறம் குழல். போல்ட்டை உருவி, பின்புறம் ஒரு சின்ன டார்ச்சை வைத்து முன்பக்கமாகப் பார்த்தேன். நல்ல குழலில், குண்டைச் சுழல வைக்க உள்ளே வெட்டிய ஐந்து புரிகளும் கூர்மையாக, கண்ணாடிபோல் சுழன்று போவது தெரியும். இதில் இருட்டுதான் தெரிந்தது. துணியை எண்ணெயில் நனைத்து விட்டு விட்டு இழுத்தேன், ஒவ்வொன்றும் செங்கல் பொடி நிறத்தில் வந்தது. ஒருவழியாகத் துணி வெளுத்து வந்தபோது, புரிகளின் விளிம்பு மழுங்கி, பள்ளங்களில் கறுப்புக் குழிகள் வரிசையாக இருப்பது தெரிந்தது.

இது ஏன் இந்தத் துப்பாக்கிகளில் இவ்வளவு சகஜம் என்று தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் காலத்துத் தோட்டாக்களில், மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு அது குழலில் உப்பாகத் தங்கும், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் துருப்பிடிக்க வைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அதனால்தான் பிரிட்டிஷ் இந்திய வீரர்களுக்குக் கொதிக்கும் தண்ணீரைப் புனலில் வைத்துக் குழலுக்குள் ஊற்றிக் கழுவச் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு .303 தோட்டாவின் கார்டைட் வெடிமருந்து அதிகச் சூட்டில் எரிவது, குழலின் தொண்டையை, அதாவது தோட்டா உட்காரும் இடத்தை அடுத்த பகுதியை, அரித்துவிடும். பர்மா மாதிரி மழைக்காடு, பிறகு பல வருடப் பயிற்சி, பிறகு ஏதோ ஒரு கிடங்கில் தூக்கம். இத்தனையும் பட்ட துப்பாக்கி உள்ளே நன்றாக இருந்தால்தான் அது செய்தி.

பழைய ராணுவத் துப்பாக்கிகளைப் பார்க்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். சோதனைக்கு 50 டாலர். அவர் பார்த்த முதல் இடம் என் கண்ணில் படவே இல்லை. இடது பக்கப் பெயிண்டை நகத்தால் கொஞ்சம் சுரண்டிவிட்டு, விளக்கைச் சாய்த்துக் காட்டினார். அரம் போட்டுத் தேய்த்த தடத்துக்கு அடியில் டி.பி. என்ற இரண்டு எழுத்து மங்கலாக நின்றது. டி.பி. என்றால் அணிவகுப்புப் பயிற்சிக்கு மட்டும். போரில் தேய்ந்து, சுடுவதற்கு லாயக்கில்லை என்று கழித்த துப்பாக்கிகளுக்கு அந்த முத்திரையைக் குத்திப் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சுடவே கூடாது. யாரோ அந்த எழுத்தை வேண்டுமென்றே அழிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

பிறகு ஹெட்ஸ்பேஸ் பார்த்தார். போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. .303இல் குறைந்தது 0.064 அங்குலம், ராணுவம் அனுமதித்த அதிகபட்சம் 0.074. அந்த 0.074 அளவுக்குச் செய்த கேஜ் என்ற அளவுத் துண்டை வைத்து போல்ட்டை மூடினார், ஒரு தடையும் இல்லாமல் மூடிக்கொண்டது. மூடவே கூடாது. இப்படி இருந்தால் சுடும்போது தோட்டாவின் கூடு நடுவில் பிய்ந்துபோகலாம், சூடான வாயு முகத்துக்கு வரலாம். போல்ட்டின் எண் வேறு, உடலின் எண் வேறு என்பதை அப்போதுதான் கவனித்தேன். லீ என்ஃபீல்டில் ஒவ்வொரு போல்ட்டையும் அதன் உடலுக்கே பொருத்திச் சரிசெய்திருப்பார்கள். வேறொன்றிலிருந்து எடுத்துப் போட்டால் பூட்டும் இடங்கள் இரண்டும் சமமாக உட்காராமல் போகலாம். பிந்தைய நம்பர் 4 மாடலில் போல்ட் தலையை 0 முதல் 3 வரை நான்கு அளவுகளில் மாற்றி இடைவெளியைக் குறைக்கலாம். நம்பர் 1இல் அப்படி எண்ணிட்ட தலைகள் கிடையாது, ஒவ்வொன்றாகப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். பெரியவர், இதற்கு மேல் காசு போடாதே என்று சொன்னார்.

அன்று வண்டி ஓட்டி வீட்டுக்கு வரும்போது தொண்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றியவர்கள் மேல் கோபம் ஒரு பக்கம். தாத்தாவின் பெயரை வைத்துக்கொண்டு இப்படி ஆகிவிட்டதே என்ற வேதனை இன்னொரு பக்கம். மனைவியிடம் முழுத் தொகையைச் சொல்ல எனக்கு நாளானது. சொன்னபோது அவள் திட்டவில்லை, அது இன்னும் சங்கடமாக இருந்தது. ஏல நிறுவனத்துக்கு எழுதினேன், படங்கள் அனுப்பினேன். உள்ளது உள்ளபடியே விற்பனை, பார்வையிட வாய்ப்புக் கொடுத்திருந்தோம், திருப்பி எடுப்பதில்லை என்று பதில் வந்தது. அவர்கள் விதிமுறையில் அது எழுதியிருந்தது, நான்தான் படிக்காமல் ஒப்புதல் பெட்டியைச் சொடுக்கியிருந்தேன். நீங்கள் எந்த ஏலத்தில் பங்கெடுத்தாலும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். முக்கியமாக, விவரத்தில் எழுதியது தவறாக இருந்தால் திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பதைப் பாருங்கள். என் விஷயத்தில் விவரத்தில் தவறு என்று காட்ட ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அவர்கள் ஒன்றுமே சொல்லவில்லை. பர்மா என்ற சொல்லுக்குப் பக்கத்தில்கூட ‘இருக்கலாம்’ என்றுதான் போட்டிருந்தார்கள்.

பெரியவர் சொன்னதை நான் உடனே கேட்கவில்லை. மரத்தையாவது மாற்றினால் சுவரில் மாட்ட அழகாக இருக்குமே என்று 180 டாலருக்கு ஒரு பழைய முன்கட்டை வாங்கினேன். இந்தத் துப்பாக்கியின் முன்கட்டை அப்படியே எடுத்து மாட்டுகிற பொருள் இல்லை. உள்ளே சரியான இடங்களில் உலோகத்தோடு இறுக்கமாக உட்கார, மரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிப் பொருத்த வேண்டும், அது ஒரு கைத்தொழில். எனக்கு அது வராது. தெரிந்தவரிடம் கொடுத்தால் கூலி மரத்தின் விலையைத் தாண்டும். மோசமான ஒன்று கைக்கு வந்துவிட்டால் அன்றே செலவை நிறுத்திவிடுங்கள். பழுது பார்த்துப் பழுது பார்த்து ஒரு நல்ல துப்பாக்கியின் விலையைப் போட்டாலும் அது நல்ல துப்பாக்கி ஆகாது.

இப்போது வாங்கும் முன் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். தூரத்தில் இருக்கும் பொருளாக இருந்தால் விற்பவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுவேன். குழலை நன்றாகச் சுத்தம் செய்துவிட்டு, வெளிச்சம் வைத்து இரண்டு முனைகளிலிருந்தும் படம். எண்ணெய் பூசிய குழல் படத்தில் பளபளப்பாகத் தெரியும், அதனால் உலர்ந்த துணி விட்ட பிறகு எடுக்கச் சொல்வேன். குழல் வாயின் நேர்முகப் படம். உடல், குழல், போல்ட், பின்சைட்டின் பலகை, நோஸ் கேப், இந்த ஐந்திலும் உள்ள எண்கள் தனித்தனியாக. பட் தொடங்கும் கழுத்துப் பகுதியின் இரண்டு பக்கமும், முன்கட்டையின் பின்முனையும், விரிசல் தெரிகிற மாதிரி. மேல் மரத்தை எடுக்க முடிந்தால் அதன் கீழே குழல். பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துப் புதிய எண் குத்தியிருப்பது இஷாப்பூர் சரக்கில் சகஜம், அது பட்டறை வேலை, அதற்காகப் பயப்பட வேண்டாம். அரம் போட்ட தடம் இருந்தால்தான் பயப்பட வேண்டும். இதையெல்லாம் கேட்டதற்காகக் கோபப்படுகிற விற்பனையாளரும் உண்டு, பதிலே போடாதவரும் உண்டு. இரண்டு பேரிடமும் நான் வாங்குவதில்லை.

துப்பாக்கிச் சந்தைகளில் நேரில் வாங்குவதாக இருந்தால் சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச், கொஞ்சம் துணி, மருந்தோ பிரைமரோ இல்லாத ஒரு பொம்மைத் தோட்டா, இவை போதும். மேசையிலுள்ள துப்பாக்கிகளின் போல்ட்டைப் பிளாஸ்டிக் கட்டுப் போட்டுப் பூட்டியிருப்பார்கள். அதை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள், அனுமதி கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள், குண்டு இல்லை என்று நீங்களே உறுதி செய்துகொள்ளுங்கள். பொம்மைத் தோட்டாவின் முனையைக் குழல் வாயில் மெதுவாக வைத்துப் பாருங்கள். குண்டின் ஒரு பகுதியாவது வெளியே தெரிய வேண்டும். பித்தளைக் கூட்டின் விளிம்புவரை உள்ளே போய்விட்டால் வாய் தேய்ந்துவிட்டது, குறி நிற்காது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

கதை சொல்கிறவர்களிடம் கவனமாக இருங்கள். ஒரு சந்தையில் ஜெர்மனியின் கார் 98கே துப்பாக்கி ஒன்றை, தன் மாமனார் போரிலிருந்து நேராகக் கொண்டுவந்தது என்று ஒருவர் 1,400 டாலர் சொன்னார். மரத்தில் செம்பழுப்பு அரக்கு மினுக்கம், போல்ட்டில் மின் பென்சிலால் கிறுக்கிய எண், முன்பக்க உடலில் பெருக்கல் குறி. இது மூன்றும் இருந்தால் அது சோவியத் ராணுவம் கைப்பற்றி, பிரித்து, கலந்து, புதுப்பித்துக் கிடங்கில் போட்ட ரகம். குழலின் அடியில் சின்ன எழுத்தில் ஓர் இறக்குமதி நிறுவனத்தின் பெயரும் ஊரும் இருந்தன. 1968 சட்டத்துக்குப் பிறகு வணிக ரீதியாக இறக்குமதியாகும் துப்பாக்கிகளில் அந்தப் பொறிப்பு இருக்க வேண்டும். மாமனார் 1945இல் பையில் போட்டுக் கொண்டுவந்ததில் அது எப்படி இருக்கும்? ரஷ்யக் கைப்பற்றலும் நல்ல சேகரிப்புத்தான், ஆனால் அதற்கு அந்த விலை இல்லை. அதே மாதிரி இந்தியத் துப்பாக்கிகளில் முன்கட்டையைச் சுற்றிக் கம்பி சுற்றியிருப்பதை அபூர்வம் என்று விற்பார்கள். கையெறி குண்டு எய்வதற்கு ஒதுக்கியவை அவை. அந்த வேலைக்குப் பெரும்பாலும் தேய்ந்த துப்பாக்கிகளைத்தான் ஒதுக்கினார்கள், அதனால் உள்ளே இன்னும் கவனமாகப் பாருங்கள். போலீஸுக்காகப் புரிகளைக் கடைந்து எடுத்து .410 என்ற ஷாட்கன் ரகமாக மாற்றிய இஷாப்பூர்களும் நிறைய உண்டு. ஆர்வம் இருந்தால் வாங்கலாம், .303 என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் 1903 ஸ்ப்ரிங்ஃபீல்டு பக்கம் போகிறவர்கள் எண்ணைப் பாருங்கள். ஸ்ப்ரிங்ஃபீல்டில் செய்தது 8,00,000க்கும், ராக் ஐலண்டில் செய்தது 2,85,507க்கும் கீழே இருந்தால் உலோகம் சூடேற்றிய முறையில் கோளாறு, சில உடைந்திருக்கின்றன. சுவருக்குத்தான் அது.

விலை விஷயத்தில் என்னைத் தப்பான பக்கம் தள்ளியது, விற்பனைக்கு இருப்பவற்றின் விலையைப் பார்த்ததுதான். யாரும் எதையும் எவ்வளவுக்கும் கேட்கலாம். முடிந்த ஏலங்களில் என்ன தொகைக்குப் போனது என்று தேடிப் பாருங்கள், அதே மாடல், அதே நிலைமை. நான் அப்படிப் பார்த்தபோது என்னுடையது மாதிரி சிதைந்த இஷாப்பூர்கள் 400 தாண்டவே திணறின. ரஷ்ய மோசின் நகாண்ட் 2000களில் நூறு டாலருக்குள் மூட்டை மூட்டையாகக் கிடைத்தது, இப்போது விலை பல மடங்கு. அதனால் எல்லாமே ஏறும், எதை வாங்கினாலும் லாபம் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஏறுவது நல்ல நிலைமையில் உள்ளவை. மோசமானவற்றின் விலையை அந்தக் காற்றில் சேர்த்துத் தூக்கி நம் தலையில் கட்டுகிறார்கள்.

சேகரிப்பு உரிமம் ஒன்று இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வகை 03 என்பார்கள், மூன்று வருடத்துக்கு 30 டாலர். 50 வருடத்துக்கு மேல் பழைய துப்பாக்கிகளை வேறு மாநிலத்திலிருந்து நேராக வீட்டுக்கு வரவழைக்கலாம். வரவு செலவை ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும். கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் கூடுதல் விதிகள் உண்டு, பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒன்றிரண்டு வாங்கினாலே கடைக் கட்டணத்தில் அந்தக் காசு திரும்பிவிடும். வியாபாரத்துக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

என் இஷாப்பூரை விற்க முடிவு செய்தபோது ஒரு நண்பர், சுரண்டிய இடத்தில் பெயிண்டைப் பூசிவிட்டு அப்படியே ஏலத்தில் தள்ளிவிடு என்றார். எனக்கு மனம் வரவில்லை. அந்த 0.074 கேஜில் மூடிய போல்ட்டை இன்னொருவர் முகத்துக்கு அருகில் வைத்துச் சுடுவார் என்று நினைக்கவே முடியவில்லை. டி.பி. எழுத்து, குழலின் உட்புறம், மரத்தின் விரிசல், எல்லாவற்றையும் படம் எடுத்துப் போட்டு, சுடக் கூடாது என்று முதல் வரியில் எழுதி, உள்ளூர்க் கடை வழியாக விற்றேன். வாங்கியவர் பழைய லீ என்ஃபீல்டுகளைச் சரிசெய்கிறவர். அவருக்கு நோஸ் கேப்பும், பின்சைட்டும், மேகசினும் தேவையாக இருந்தன. நான் சும்மா வைத்திருந்த அந்த 180 டாலர் முன்கட்டையையும் சேர்த்துத்தான் 325.